மருந்துக்கும் உரையாணி உண்டு

இன்சுலின் பேனாவுக்குள் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜை எடுத்துப் பாருங்கள். மில்லிக்கு 100 ஐயூ, அதாவது அனைத்துலக யூனிட், என்று அச்சடித்திருக்கும். ஆக மொத்தம் 300 யூனிட். பக்கத்தில் கிடக்கும் பாராசிட்டமோல் அட்டையிலோ 500 மில்லிகிராம் என்று எடை இருக்கும். ஒன்றுக்கு எடை, இன்னொன்றுக்கு யூனிட். இனிப்புநீர் வந்து பத்து வருடமாகக் காலையும் இரவும் ஊசி போட்டுக்கொள்பவர்கள்கூட இது ஏன் என்று கேட்பதில்லை. சென்னையில் கல்யாணத்துக்குப் போய்விட்டு அங்கே வாங்கிய இன்சுலின் பாட்டிலோடு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அந்தக் கேள்வி ஆபத்தாகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பாராசிட்டமோல் சின்ன மூலக்கூறு. எடை சரியாக இருந்தால் வேலையும் சரியாக இருக்கும். இன்சுலின், தடுப்பூசி, பாம்புக்கடி மருந்து, ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி எல்லாம் வேறு சாதி. உயிரணுவை வளர்த்து எடுப்பவை, குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பவை, மனித பிளாஸ்மாவிலிருந்து பிரிப்பவை. இவற்றில் புரதத்தின் மடிப்புக் குலைந்தால் எடை அப்படியே இருக்கும், வேலை போய்விடும். முட்டையை வேகவைத்தால் எடை குறைவதில்லை, ஆனால் அடைவைத்தால் குஞ்சு வராது. அந்தக் கதைதான்.

எடை பார்த்துப் பயனில்லை என்றால் வேலையைத்தான் அளக்க வேண்டும். 1920களின் தொடக்கத்தில் டொராண்டோவில் இன்சுலினை அப்படித்தான் அளந்தார்கள். பட்டினி போட்ட 2 கிலோ முயலின் ரத்தச் சர்க்கரையை 100 மில்லிக்கு 45 மில்லிகிராம் அளவுக்கு இறக்க எவ்வளவு மருந்து வேண்டுமோ, அது ஒரு யூனிட். சொல்ல எளிது. ஆனால் முயலுக்கு முயல் குணம் மாறும். தீவனம் மாறினால் மாறும், இனம் மாறினால் மாறும், குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று. டொராண்டோ யூனிட்டும் லண்டன் யூனிட்டும் ஒன்றாக இருக்க வழியே இல்லை.

லண்டனில் மருந்தியல் அறிஞர் ஹென்றி டேல் பிடித்த வழி நம் தட்டார்களுக்குப் புதிதல்ல. தட்டார் உரைகல்லில் உங்கள் நகையை மட்டும் உரைத்துவிட்டு விலை சொல்வதில்லை. மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், முன்பே தெரிந்த ஆணியான உரையாணியையும் பக்கத்திலேயே உரைத்து, இரண்டு கோட்டையும் சேர்த்துப் பார்ப்பார். கல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், வெளிச்சம் மங்கலாக இருந்தாலும் பாதகமில்லை. இரண்டு கோடும் அதே கல்லில், அதே வெளிச்சத்தில் விழுந்தவை. முயல் வெறும் உரைகல். எல்லோருக்கும் பொதுவான உலர்ந்த இன்சுலின் தூள் ஒன்று உரையாணி. உங்கள் மருந்தையும் அந்தத் தூளையும் ஒரே நாளில் ஒரே கூட்டத்து முயல்களுக்குக் கொடுத்து, ஒன்றுக்கு மற்றொன்று எத்தனை பங்கு என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். இப்படிப்பட்ட பொது உரையாணிக்குத் துறையில் தரம் என்று பெயர். 1925இல் வந்த முதல் அனைத்துலகத் தரத்தில் ஒரு மில்லிகிராமுக்கு 8 யூனிட் என்று வகுத்தார்கள். இதற்கு முன்னோடிகளும் உண்டு: தொண்டை அடைப்பான் எதிர்ப்புச் சீரத்தை 1897இலேயே ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் வெற்றிடத்தில் உலர்த்தி, இருட்டிலும் குளிரிலும் உரையாணியாக வைத்தார். அதே சீரத்துக்கு 1922இல் கோப்பன்ஹேகனில் முதல் அனைத்துலகத் தரம் வந்தது.

இன்றைய சுத்தமான மனித இன்சுலினில் ஒரு யூனிட் என்பது 0.0347 மில்லிகிராம். அதாவது மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 28.8 யூனிட். அன்று 100 யூனிட்டுக்கு 12.5 மில்லிகிராம் தூள் தேவைப்பட்டது, இன்று 3.47 போதும். எடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கிறது, யூனிட் அசையவில்லை. 300 யூனிட் கார்ட்ரிட்ஜ் முழுவதிலும் இருப்பது பத்து மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான். இவ்வளவு சுத்தமானதால் இன்சுலினுக்கு இப்போது முயல் வேண்டாம், கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியே அளந்துவிடும். மற்ற பல மருந்துகளுக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை.

உரையாணிகளில் பெரும்பாலானவை இருப்பது இங்கிலாந்தில், ஹெர்ட்ஃபர்ட்ஷயரின் சவுத் மிம்ஸ் என்ற ஊரில். என்ஐபிஎஸ்சி என்று துறையில் எல்லோரும் சொல்லும் தேசிய ஆய்வுக்கூடம். 2013இலிருந்து பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழே இயங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர்கள் தயாரிக்கும் ஒவ்வொரு தரமும் ஒரு கண்ணாடி ஆம்பியூல். உள்ளே உறைநிலையில் உலர்த்திய ஒரு சிட்டிகை வெள்ளைக் கட்டி.

அந்தச் சிட்டிகைக்குப் பின்னால் உள்ள வேலை கொஞ்சமல்ல. ஆயிரக்கணக்கான ஆம்பியூல்களை ஒரே நாளில் நிரப்ப வேண்டும். நிரப்பும்போதே இடையிடையே எடுத்து நிறுத்துப் பார்ப்பார்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இருக்க வேண்டும். உலர்த்திய பின் மிஞ்சும் ஈரமும் ஒரு விழுக்காட்டுக்குள் அடங்குவது நல்லது. ஈரமும் ஆக்சிஜனும்தான் புரதத்துக்கு எமன். அதனால் ரப்பர் மூடி போடாமல், மந்த வாயு நிரப்பி, கண்ணாடியையே தீயில் உருக்கி அடைக்கிறார்கள். பிறகு சில ஆம்பியூல்களை 4, 20, 37, 45, 56 டிகிரி என்று வெவ்வேறு சூட்டில் மாதக்கணக்கில் வைத்து, மைனஸ் 20இல் இருப்பதோடு ஒப்பிட்டு, வருடத்துக்கு எவ்வளவு வீரியம் குறையும் என்று கணக்கிடுவார்கள். பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சோதித்து முடிவு அனுப்பிய பிறகுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதற்கு யூனிட் வழங்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உரையாணிக்குக் காலாவதித் தேதி கிடையாது. அடுத்த தரம் வரும் வரை அதுவே அளவு. "இந்த ஆம்பியூலில் இருப்பது இத்தனை யூனிட்" என்று சொல்லிவிட்டால் அதில் பிழை வரம்பும் பேசுவதில்லை, ஏனென்றால் யூனிட் என்பதன் பொருளே அந்த ஆம்பியூல்தான்.

கொரோனா காலத்தில் இந்த ஏற்பாட்டின் அருமை கே.எல்.லில் பல வீடுகளுக்குத் தெரியாமலே தெரிந்தது. 2021இல் தடுப்பூசி போட்டுக்கொண்டு தனியார் ஆய்வுக்கூடங்களில் ஆன்டிபாடி பார்த்தவர்கள் "எனக்கு 250, உனக்கு 1,800" என்று வாட்ஸ்அப்பில் ஒப்பிட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு கருவியும் தன் சொந்த யூனிட்டில் பேசியது. அந்த எண்களை ஒப்பிடுவது கத்தி என்ற பழைய எடையில் நிறுத்ததையும் கிலோவில் நிறுத்ததையும் எண்ணை மட்டும் பார்த்துச் சண்டை போடுவது போல. அதற்கான முதல் அனைத்துலகத் தரம் 2020 டிசம்பரிலேயே வந்துவிட்டது: நோயிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மாவைக் கலந்து உலர்த்திய ஆம்பியூல், 0.25 மில்லி நீரில் கரைத்தால் மில்லிக்கு 1,000 யூனிட். கருவிகள் அதற்கு ஏற்ப மாற்றி எழுதிக்கொள்ளத்தான் நாளானது.

ஆம்பியூலைத் திறப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் பலர் சறுக்கும் இடம். மைனஸ் 20இலிருந்து எடுத்தவுடன் உடைக்கக் கூடாது. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் நொடியில் பனியாகப் படியும், உள்ளேயும் இறங்கும். அறைச் சூட்டுக்கு வரும் வரை காத்திருங்கள். பிறகு விரலால் சுண்டித் தூள் முழுவதையும் அடிப்பாகத்துக்கு இறக்குங்கள், கழுத்தில் ஒட்டியது போனால் போனதுதான். துணியோ பாதுகாப்பு உறையோ சுற்றி, முகத்துக்கு எதிர்ப்புறமாக உடையுங்கள். குறிப்புத் தாளில் எவ்வளவு நீர் என்று போட்டிருக்கிறதோ அதைத் துல்லியமாக விட்டு, சில நிமிடம் அப்படியே வைத்து, மெதுவாகச் சுழற்றுங்கள். குலுக்கி நுரை கிளப்பினால் நுரையின் பரப்பிலேயே புரதம் குலையும். முக்கியமாக, பாதித் தூளை எடுத்துத் தராசில் வைத்து மீதியைப் பத்திரப்படுத்தும் சிக்கனம் வேண்டாம். யூனிட் முழு ஆம்பியூலுக்குத்தான் சொல்லியிருக்கிறது. தூளின் எடையில் பெரும்பகுதி சர்க்கரையும் உப்பும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி நிமிடத்துக்கு நிமிடம் எடை மாறும். நீர்த்த கரைசலில் இன்னொரு திருட்டு நடக்கும். புரதம் பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நீர்க்கும் திரவத்தில் கொஞ்சம் ஆல்புமின் சேர்ப்பது.

உரையாணி சொற்பம், தினசரி வேலைக்கு எடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் அதோடு ஒப்பிட்டுத் தனக்கென ஒரு வேலைத் தரம் செய்துகொள்ளும். இங்கேதான் சத்தமில்லாமல் தவறு நடக்கும். பழைய வேலைத் தரம் தீர்ந்ததும் புதியதைப் பழையதோடு ஒப்பிட்டுவிட்டுப் போவார்கள், மூல ஆம்பியூலுக்குத் திரும்ப மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் 3 விழுக்காடு கீழே சறுக்கினால் நான்கு தலைமுறையில் 11 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். எந்த நாளும் எந்தச் சோதனையும் தோற்றிருக்காது. பேத்தியைப் பாட்டியோடுதான் ஒப்பிட வேண்டும், அம்மாவோடு அல்ல.

வீரியச் சோதனையில் தரத்தையும் மருந்தையும் குறைந்தது மூன்று மூன்று நீர்ப்புகளாகச் செய்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரே சோதனைத் தட்டில் ஓட்டுவார்கள். அளவை மடக்கையில் வைத்து வரைந்தால் இரண்டு கோடு கிடைக்கும். கோடுகள் இணையாகப் போக வேண்டும். இணையாக இல்லை என்றால் இரண்டும் ஒரே பொருள் இல்லை, அல்லது கை தவறியிருக்கிறது. எப்படியானாலும் அந்த எண்ணைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இணையாக இருந்தால் படுக்கைவாட்டு இடைவெளிதான் விடை. இடைவெளி மைனஸ் 0.05 என்றால் வீரியம் 0.89, அதாவது தரத்தில் 89 விழுக்காடு. 96 குழித் தட்டில் ஓரக் குழிகள் சீக்கிரம் ஆவியாகும், அங்கே எண் ஏறும். ஓரத்தில் வெறும் நீரை விட்டு நடுக் குழிகளை மட்டும் பயன்படுத்துவதுதான் நல்ல பழக்கம். தரம் எப்போதும் இடப்பக்கம், மருந்து வலப்பக்கம் என்று வைப்பவர் தட்டின் குறையை மருந்தின் குறையாக எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

மிருகத்தில் செய்யும் சோதனை எவ்வளவு சொரசொரப்பான உரைகல் என்பதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பாருங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு நாய்களிடம் அந்த நோய் தலைகாட்டியபோது எல்லோரும் கேட்ட ஊசி அது. ஒரு டோசில் குறைந்தது 2.5 யூனிட் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. பழைய முறையில் எலிகளுக்கு முதல் நாளும் ஏழாம் நாளும் ஊசி, பதினாலாம் நாள் மூளைக்குள் வைரஸ், பிறகு இரண்டு வாரம் யார் பிழைக்கிறது என்று எண்ணுவது. ஒரு மாதம் போய்விடும். கிடைக்கும் விடையின் நம்பக எல்லை 25 முதல் 400 விழுக்காடு வரை விரிந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். வைரஸின் மேலுறைப் புரதத்தை நேரடியாக அளக்கும் எலைசா முறைக்கு மாற ஆய்வுக்கூடங்கள் துடிப்பதில் ஆச்சரியமில்லை. எலிகளுக்காக மட்டும் அல்ல, எண்ணுக்காகவும்.

நம் மலேசியாவில் இந்தப் பொறுப்பு பெட்டாலிங் ஜெயாவில், முன்பு ஜாலான் யூனிவர்சிட்டி என்றிருந்த சாலையில் இருக்கும் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவிடம். 1978இல் மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. தடுப்பூசியின் ஒவ்வொரு லாட்டும், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியும், வெளியே போகுமுன் தயாரிப்பாளரின் சுருக்க அறிக்கையை வரி வரியாகப் படிக்க வேண்டும், குளிர்ச் சங்கிலியின் சூட்டுப் பதிவைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சோதிக்க வேண்டும். சோதனையைவிட அறிக்கை வாசிப்புதான் அதிகம் பிடித்துத் தரும் என்பது என் கணிப்பு. டெட்டனஸ் தடுப்பூசிக்கு டோசுக்கு 40 யூனிட் குறைந்தபட்சம். ஒரு லாட் 95, அடுத்தது 82, அதற்கடுத்தது 68 என்று வந்தால் மூன்றும் பாஸ்தான். ஆனால் அந்தப் படிக்கட்டு எங்கே இறங்குகிறது என்று கேட்பவர் ஒருவர் இருக்க வேண்டும்.

கிருமிச் சோதனை பற்றி மக்களுக்கு அதிக நம்பிக்கை, துறையில் இருப்பவர்களுக்குக் குறைவு. 500க்கு மேல் குப்பி உள்ள லாட்டில் எடுத்துச் சோதிப்பது அதிகபட்சம் 20. கிருமி வளர்க்கும் இரண்டு வகை ஊடகத்தில், ஒன்றை 30 முதல் 35 டிகிரியிலும் மற்றதை 20 முதல் 25 டிகிரியிலும் 14 நாள் வைத்துப் பார்ப்பார்கள். நூற்றில் ஒரு குப்பி கெட்டிருந்தால் அந்த 20இல் ஒன்றுகூட மாட்டாமல் போகும் வாய்ப்பு 82 விழுக்காடு. கணக்கு அவ்வளவுதான். சுத்தத்தை நிரப்பும் அறையில் கட்டிக் காக்க வேண்டும், சோதனையில் கண்டுபிடிக்க முடியாது.

எண்டோடாக்சின் வேறு தொல்லை. பாக்டீரியா செத்தாலும் அதன் சுவர்த் துகள் நீரில் மிதக்கும், ரத்தத்தில் ஏறினால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஆட்டோகிளேவ் என்ற நீராவிப் பாத்திரத்தில் கிருமி சாகும், இது சாகாது. கண்ணாடிச் சாமான்களை 250 டிகிரியில் அரை மணி நேரமாவது வறுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க உதவுவது பெலாங்காஸ் என்று நாம் சொல்லும் குதிரைலாட நண்டின் அமெரிக்க உறவுக்காரன். அதன் நீல ரத்த அணுச் சாற்றோடு மருந்தைக் கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தால், கட்டி விழாமல் நின்றால் எண்டோடாக்சின் இருக்கிறது. செல்லுலோஸ் வடிகட்டியிலிருந்து கசியும் குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலியும் இதே கட்டியை உண்டாக்கி ஏமாற்றும். எதிர்த் திசையில், பாலிசார்பேட் என்ற சோப்பு வகைப் பொருள் சேர்த்த மருந்துகளில் எண்டோடாக்சின் ஒளிந்துகொள்ளும். அதனால் தெரிந்த அளவைக் கலந்துவிட்டு அதில் 50 முதல் 200 விழுக்காடு திரும்பத் தெரிகிறதா என்று பார்க்காத முடிவை நம்பாதீர்கள். இப்போது பெலாங்காஸைத் தொடாமலே செய்யலாம்: சேற்றுக் கழிமுகத்தில் வாழும் நம் பக்கத்து இனத்தின் மரபணுவை எடுத்து, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அதே புரதத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிவிட்டார்கள்.

யூனிட் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. டயாலிசிஸ் செய்பவர்கள் போட்டுக்கொள்ளும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசி ஒன்றில், 1998இல் ஐரோப்பாவில் ஆல்புமினை எடுத்துவிட்டுப் பாலிசார்பேட் சேர்த்தார்கள். அதன் பிறகு சில நோயாளிகளின் உடல் தன் சொந்த எரித்ரோபொய்ட்டினுக்கே எதிராகத் திரும்பி, சிவப்பணு உற்பத்தியே நின்றது. வீரியம் குறையவில்லை. கூடவே இருந்த பொருள் மாறியது.

இனி அந்தச் சென்னை பாட்டில். இந்தியாவில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் இன்னும் பரவலாக விற்கிறது, அதற்குச் சிவப்பு மூடி ஊசிக்குழல். இங்கே கிளினிக்கில் கொடுப்பது 100, அதற்கு ஆரஞ்சு மூடி. 40 பாட்டிலில் ஆரஞ்சு மூடிக் குழலால் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். சீனி ஏறும். இங்குள்ள 100 பாட்டிலில் சிவப்பு மூடிக் குழலால் அதே 20 கோடு வரை இழுத்தால் 0.5 மில்லி, 50 யூனிட். இது தூக்கத்திலேயே மயங்க வைக்கும் அளவு. பாட்டிலும் குழலும் ஒரே எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள், கோட்டை அப்புறம் பார்க்கலாம். பேனா கார்ட்ரிட்ஜுக்குள் ஊசிக்குழலை விட்டு மருந்து இழுப்பதும் வேண்டாம்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள். ஐஸ் பெட்டியின் கதவில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடேறும், ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்தது உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். பயன்பாட்டில் உள்ளது பல வகைகளுக்கு 4 வாரம் வரை வெளியே இருக்கலாம், 25 டிகிரியா 30 டிகிரியா என்பதைத் தாளில் பாருங்கள். மதியம் வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்தத் தாளும் அனுமதிப்பதில்லை.

பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கிப் பின்னால் எட்டு இலக்கம் வரும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். அதைவிட லாட் எண் முக்கியம், பெட்டியைத் தூக்கிப் போடுமுன் அந்த மடிப்பைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டு ஏதாவது ஆனால் மருந்தகத்திலோ கான்செர்ஃப் என்ற பக்கவிளைவுப் படிவத்திலோ புகார் கொடுக்கும்போது வெறும் "இன்சுலின்" என்று எழுதினால் யாராலும் எதையும் தேட முடியாது. வணிகப் பெயரும் லாட் எண்ணும் வேண்டும். திறந்த பேனாவில் கிருமிச் சோதனை செய்தாலும் கிருமி ஆலையிலிருந்து வந்ததா, சமையலறையிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. அதே லாட்டில் திறக்காத ஒன்று மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். கொண்டுபோகும் வரை ஐஸ் பெட்டியின் நடுத்தட்டில் இருக்கட்டும்.